அலுமாரிக்கு மேல் ஒரு ரைஸ் குக்கர்

உபசேனவுக்குக் கறுவாப்பட்டை உரிக்கத் தெரியும், வாயைத் திறக்கத் தெரியாது. அவர் உரித்த பட்டை என்றால் எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்கள் இரண்டாம் முறை பார்க்காமலே எடுத்துக்கொள்வார்கள். ஆனால் மனைவி ரம்யலதாவிடம் ஒரு நாளைக்கு நாலு சொல் பேசினாலே அதிகம். அதில் ஒன்று "பாப்பம்", இன்னொன்று "இப்ப என்ன அவசரம்". வேலிக்கு இந்தப் பக்கம் இருபது வருடமாக இருந்து கேட்டவள் நான்.

பிள்ளைகள் இல்லாத வீடு. விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் சோற்றுப் பொதியோடு இறங்கவேண்டும். ரம்யாவுக்கோ மூச்சு இழுப்பு. புகைக்குக் கிட்டவும் போகக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகுதான் ஒரு ரைஸ் குக்கர் வாங்கினார்கள். ஆறு வருடம் உழைத்த சாமான் அது. இந்த மாசியில் அதன் சுவிட்ச் கீழே நிற்க மறுத்தது. ரம்யா பெருவிரலால் அமுக்கிக்கொண்டு நின்றே இரண்டு வாரம் சோறு சமைத்தாள். பிறகு உள்ளே சூடாகும் தட்டும் கருகிவிட்டது. சந்தியில் ரேடியோ திருத்துகிறவன் அதைக் குப்புறப் போட்டுப் பார்த்தான்.

"அக்கா, இதுக்குச் செலவழிக்கிறதுக்குப் புதுசு ஒண்டு வாங்கலாம். கொண்டுபோய்க் கோழிக்குத் தண்ணி வையுங்கோ."

அன்றிலிருந்து மறுபடியும் விறகு. எங்கள் ஊரில் விறகு என்றால் பட்டை உரித்த கறுவாக் குச்சிதான். காசில்லாமல் கிடைக்கும், ஈரமாக இருந்தால் புகை கண்ணைப் பிடுங்கும்.

"புதுசு ஒண்டு வாங்கித் தாங்கோவன்" என்று அவள் கேட்டது எனக்குக் கேட்டது.

"வருசத்துக்கு விலை குறைப்பான். அப்ப பாப்பம்."

அவரில் பிழை சொல்ல முடியாது. மழை இல்லாவிட்டால் பட்டை கழன்று வராது, பட்டை வராவிட்டால் கூலி இல்லை. சித்திரை வருடப்பிறப்புக்குக் கடைகள் எல்லாம் விலை குறைப்பதும் உண்மை. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

வருடப்பிறப்புக்கு எட்டு நாள் இருக்கையில் ஒரு அட்டைப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். இருந்ததிலேயே மலிவானது, பேர் தெரியாத கம்பனி. ஆனால் குக்கரின் வயிற்றில் ரோஜாப்பூ இருப்பது பெட்டிப் படத்தில் தெரிந்தது. ரம்யா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலிக்கே வந்து எனக்குக் காட்டினாள். பிறகு அதை அலுமாரிக்கு மேலே ஏற்றித் துணியால் மூடிவிட்டார்கள். வருடப்பிறப்பன்று அடுப்பு மூட்டும் நல்ல நேரத்தில் புதுச் சாமானில் முதன்முதல் பால்சோறுதான் வேகவேண்டும். இதை வேறு விதமாகச் செய்யலாம் என்று எங்களில் யாரும் நினைத்ததே இல்லை.

அந்த வாரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. குச்சியெல்லாம் நனைந்தது. வருடப்பிறப்புக்கு ஐந்து நாள் இருக்க, காலையில் ரம்யா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெஞ்சுக்குள் விசிலடித்தது.

"அனுலா அக்கா, அந்தப் பெட்டிய இண்டைக்கு உடைச்சா என்ன? சோத்த மட்டும் வச்சிட்டுத் திருப்பி மூடிடுவன். அவருக்குத் தெரியவராது."

"உனக்கென்ன விசரா? அஞ்சு நாள் பொறுக்கேலாதா? நேரம் பாக்காமத் திறந்து, வருசம் முழுக்கத் தரித்திரம் பிடிச்சா ஆர் பொறுப்பு?"

அவள் சிரித்தாள். "இதுக்கு மேலயும் பிடிக்க எங்களிட்ட என்னக்கா மிச்சம் கிடக்கு?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

என் வீட்டில் காஸ் அடுப்பு இருந்தது. இரண்டு பேருக்கு ஒரு சுண்டு அரிசி கூடப் போட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? நேரம் சொல்லத் தெரிந்த என் வாய்க்கு, "நான் ஆக்கித் தாறன்" என்று சொல்லத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, உபசேன வேலைக்குப் புறப்படும் நேரத்தில், ரம்யா அடுப்படியில் விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. அவருக்குக் கட்டிய சோற்றுப் பொதி மேசையில் அப்படியே இருந்தது.

பிணம் கிடக்கும் வீட்டில் நாங்கள் அடுப்பு மூட்டுவதில்லை. அக்கம்பக்கத்திலிருந்துதான் சோறு போகும். மூன்று நாளும் நான் என் காஸ் அடுப்பில் ஆக்கிச் சுமந்தேன். உயிரோடு இருந்தவளுக்குக் கொடுக்காத சோற்றை ஊருக்குக் கொடுத்தேன். வருடப்பிறப்பன்று ஊரெல்லாம் வெடி கேட்டது. துக்க வீட்டுக்கு வருடப்பிறப்பு இல்லை. பெட்டி அலுமாரிக்கு மேலேயே இருந்தது. உபசேன கறுவாக் குச்சியில் தனக்குச் சமைத்துக்கொண்டார்.

ரம்யாவின் மூன்றாம் மாதத் தானத்துக்கு விகாரைக்குப் போனோம். செத்தவர் ஆசைப்பட்டதைத் தானம் கொடுத்தால் அது அவருக்குப் போய்ச் சேரும் என்று நம்புகிறவர்கள் நாங்கள். பிக்குமாருக்குக் காலைத் தானச் சாப்பாடு கொடுத்து முடிந்ததும் உபசேன அந்தப் பெட்டியைப் பெரிய பிக்குவின் முன்னால் வைத்தார். பிக்கு பெட்டியைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

"உபசேன, உள் அறையில இது மாதிரி ஏழு கிடக்கு. எல்லாம் செத்த ஆக்கள் பேரில வந்தது, ஒண்டும் உடைக்கேல்ல. நான் என்ன, சோத்துக் கடையா நடத்திறன்? உன்ர வீட்டில விறகுதானே. கொண்டுபோய் நீ சமைச்சுச் சாப்பிடு. புண்ணியத்தை நான் அவளுக்குச் சேர்க்கிறன்."

"எனக்கு வேண்டாம் சாமி. அவள் ஆசைப்பட்டது" என்றார் உபசேன. அதோடு நிறுத்துவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை.

"ஆனா எட்டாவதா உள்ள வைக்காதேங்கோ. இப்பவே உடையுங்கோ. மத்தியானச் சோறு இதில வேகட்டும். நேரம் மட்டும் பாக்காதேங்கோ சாமி."

அன்று திங்கட்கிழமை, காலை எட்டு மணி. ராகுகாலம் தொடங்கி அரை மணியாகிவிட்டது. எனக்குத் தெரியும். இந்த முறை வாயை மூடிக்கொண்டேன்.

பிக்கு தன் கையாலேயே பெட்டியை உடைத்தார். நான் விகாரைக் குசினியில் அரிசி கழுவிப் போட்டேன். உபசேன குந்தியிருந்து சுவிட்சை அமுக்கினார். சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் பெருவிரலை எடுக்கவில்லை.

"விடு மகன், அது தானா நிக்கும்" என்றார் பிக்கு.

"தெரியும் சாமி" என்றார் உபசேன. சோறு வெந்து முடியும்வரை விரலை எடுக்கவே இல்லை.