இரண்டாம் வில்லனின் முழு முகம்

மதியத் தூக்கத்துக்குப் பாய் விரிக்குமுன் குன்சோ வாசலுக்கு வந்து வெயிலைப் பார்த்துத் திசை கணிப்பார். திரும்பிப் போய் மரத் தலையணையைத் தெற்குச் சுவரோரம் வைப்பார். இரண்டு விரல் அளவு நகர்த்துவார். மறுபடியும் வெயில். வடக்கே தலை வைத்துக் கிடத்தப்படுவது பிணம் மட்டும்தான். "மேடையில நானூறு தடவ செத்துருக்கேன் தம்பி. வீட்லயும் சாகணுமா?" என்பார், பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம்.

ஜப்பானின் எடோ நகர நாடகத் தெருவில் முப்பது வருடமாக அவர் இரண்டாம் வில்லன். முதல் வில்லனுக்குக் குடை பிடிப்பார். கதாநாயகனின் முதல் வெட்டில் விழுவார். கொடியிலிருந்து ஈரத்துணி நழுவுகிற மாதிரி ஒரு விழுகை. முள்ளங்கி ஊறுகாயை அவர் கடித்தால் சுவர் தாண்டிக் கேட்கும். "வில்லன் யாரு எலும்பையோ கடிக்கிறாரு" என்பாள் கிளிஞ்சல் விற்கும் ஒதாகி.

நடிகர்களின் அச்சுப் படம் விற்கும் கடைகளில் குன்சோவின் முகமும் கிடைக்கும், பாதியாக. பெரிய நடிகரின் அங்கிக் கைக்குப் பின்னால் ஒரு கண், ஒரு புருவம். அத்தனையையும் வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கிறார். "எல்லாத்தையும் ஒட்டுனா ஒரு முழு ஆளு வருவேன்ல?"

இந்த இலையுதிர்காலத்தில் அவருக்குக் கால் வீங்கியது. பதினோராம் மாதம் நாடகசபை அடுத்த ஆண்டுக்கான நடிகர்களை மேடையேற்றிக் காட்டும். நோயாளி என்று தெரிந்தால் பெயர் சேராது. யாரிடமும் சொல்லாமல் மலையடி வெந்நீர் ஊற்றுக்குப் போனார். வீடு பன்னிரண்டு நாள் மூடிக் கிடந்தது.

கிஹெய்யின் படக்கடையில் அச்சுப் பலகைகளுக்கு எழுத்து எழுதித் தருகிறவன் நான். "உன் பக்கத்து வீட்டு வில்லன் செத்துட்டானாமே?" என்று கேட்டார் கிஹெய்.

"தெரியலைங்க. கதவு திறக்கவே இல்ல."

அவருக்கு அது போதுமானதாக இருந்தது. நடிகர் ஒருவர் இறந்தால், சாவுப்படத்தை முதலில் தொங்கவிடும் கடைக்குத்தான் கூட்டம் போகும். விசாரித்துக்கொண்டிருந்தால் எதிர்க்கடை முந்திவிடும். இரண்டே நாளில் படம் தொங்கியது. சாவுப்படத்துக்கே உரிய வெளிர்நீல அங்கி, கையில் ஜெபமாலை, இறந்த தேதி, வயது. முதல்முறையாகத் தனியாக, முழு முகத்துடன் குன்சோ. வாங்கிய பெண்கள் தெருவிலேயே அழுதார்கள்.

மூன்றாம் நாள் காலை குன்சோ கால் வீக்கம் வடிந்து நேராக நடந்து வந்தார். ஒதாகி கிளிஞ்சல் கூடையைக் கீழே போட்டாள். "ஐயோ அண்ணே! உங்களுக்கு ஊதுவத்தி ஏத்திட்டேனே!"

"ஏத்துனது ஏத்திட்ட. நல்ல வத்தியா?"

கடைமுன் நின்று வெகுநேரம் படத்தைப் பார்த்தார். பலகையைச் சீவி எறிந்துவிடுகிறேன் என்று கிஹெய் தலை குனிந்தார். "வேணாம்யா, இருக்கட்டும்" என்றார் குன்சோ. பிறகு என் பக்கம் திரும்பி, "எழுத்து யாரு தம்பி? சாவுத் தேதிய என்ன அழகா எழுதிருக்கான்."

மை படிந்த விரல்களை அங்கிக் கைக்குள் இழுத்துக்கொண்டேன்.

சபைக்குப் போனவர் சீக்கிரமே திரும்பினார். மேலாளர் சொன்னதை அவர் குரலிலேயே நடித்துக் காட்டினார்: "சனங்க உனக்காக அழுது முடிச்சிட்டாங்கப்பா. இனி நீ விழுந்தா கை தட்ட மாட்டாங்க, மந்திரம்தான் சொல்லுவாங்க. செத்தவன்கூட மேடையேற மத்தவங்களும் பயப்படுறாங்க. உன் எடத்துக்கு வேற ஆளப் போட்டாச்சு." ஒதாகி சிரித்துவிட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதன்பின் அவர் ஊறுகாய் கடிக்கும் சத்தம் கேட்கவில்லை.

இன்று பதினோராம் மாதம் முதல் நாள். விடிந்ததிலிருந்து சபையின் முரசு அடங்கவில்லை. மதியம் அவர் கதவு திறந்துதான் இருந்தது, ஆனால் வெயில் பார்க்க அவர் வரவில்லை. பாயை விரித்தார். தன் வெளிர்நீலச் சாவுப்படத்தைத் தெற்குச் சுவரில் ஒட்டினார். தலையணையை எடுத்துப்போய் வடக்குச் சுவரோரம் வைத்தார். இரண்டு விரல் அளவு நகர்த்தினார்.