மகளுக்குத் தேடிய எபிரேயப் பெயர்

எங்கள் மகள் பிறந்தபோது என் மனைவி ஏற்காட்டில் ஒரு விடுதிப் பள்ளியின் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்தாள். அங்கே ராகேல், லேயா, தெபோரா என்று பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுவது அவள் காதுக்கு இனித்துவிட்டது. "நம்ம புள்ளைக்கும் அப்படி ஒண்ணு வெக்கோணுங்க. அர்த்தம் மட்டும் கேட்டுட்டு வாங்க" என்று என்னை அனுப்பினாள்.

அந்தப் பள்ளியில் வேதபாடம் நடத்திய வாத்தியாருக்கு எபிரேயம் தெரியும். மாரமங்கலத்திலிருந்து பஸ் ஏறிப் போனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தடித்த அகராதியைப் பிரித்தார்.

"ராகேல்னா பெட்டையாடு."

வீட்டில் வந்து சொன்னேன். "ஏனுங்க, பட்டியில இருக்கற ஆறு பத்தாதுங்களா?" என்றாள்.

மறு ஞாயிறு மீண்டும் போனேன். லேயா என்றால் களைத்துப்போனவள். மாடு என்றும் சிலர் சொல்வார்களாம். தெபோரா தேனீ. முந்தின வாரம்தான் மிளகு பறிக்க மரமேறிக் கொட்டு வாங்கியிருந்தேன். ஒரு கண் இன்னும் திறக்கவில்லை. அந்தப் பெயரை வீட்டில் சொல்லவே இல்லை.

அடுத்தது சாரா. இளவரசி! துள்ளிக்கொண்டு வந்தேன். மனைவி இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"எங்கண்ணன் கடைசியில ஒரு 'யம்' சேத்துத்தான் கூப்புடுவாருங்க."

நாலாம் முறை போனபோது எனக்கே கூச்சமாகிவிட்டது. பேச்சை மாற்ற, வாத்தியார் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுவைத்தேன்.

"குதிகாலைப் பிடிச்சவன்" என்றார் சிரிக்காமல். "எங்கப்பா அகராதி பாக்காம வெச்சுட்டாருங்க."

பிறகு அவரே ஹன்னா என்ற பெயரைக் காட்டினார். அருள் என்று பொருள். ஆடும் இல்லை, மாடும் இல்லை, கொட்டவும் கொட்டாது. மனைவிக்கு நொம்பப் பிடித்துப்போயிற்று.

பெயர் வைக்கிற நாளில் தாய்மாமன்தான் குழந்தையின் காதில் மூன்று முறை சொல்ல வேண்டும். தலைச்சோலையிலிருந்து வந்திருந்த மச்சானிடம் பெயரை மெதுவாகச் சொன்னேன். அவர் குழந்தையைத் தூக்கி, கூடியிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "அண்ணா! அண்ணா! அண்ணா!" என்றார்.

"பொட்டப்புள்ளயப் போயி அண்ணாங்கறீங்களே!" என்று மனைவி அலறினாள்.

"மாப்பிள்ள அப்படித்தான சொன்னாரு!" என்று என்னைக் கை காட்டினார்.

பள்ளிப் பதிவேட்டில் ஹன்னாதான். ஊருக்குள் அண்ணாவே நிலைத்துவிட்டது. அவளைப் பெண் பார்க்க வந்த அன்று, "அண்ணா, காப்பி கொண்டா கண்ணு" என்று மனைவி பழக்கத்தில் உள்ளே குரல் கொடுத்தாள். மகள் தட்டோடு வந்து நின்றாள். மாப்பிள்ளையின் அப்பா டம்ளரை எடுத்துக்கொண்டு, "உங்க பையன் வெளிய வர மாட்டேங்கறானுங்களா?" என்று அக்கறையாக விசாரித்தார்.