கம்பத்துச் சிவப்பு

எங்கள் ஃபாரஸ்ட் கேட் வீட்டில், மாடிப்படிக்குக் கீழே, அரிசி மூட்டைக்கும் தூசு இழுக்கும் மெஷினுக்கும் நடுவில் ஒரு சோடிக் கால்கவசம் நிற்கிறது. ஐஸ் ஹொக்கியில் கோல் காக்கிறவர் கட்டுவது. பாதத்திலிருந்து தொடை வரை வரும், தலையணை அகலம் இருக்கும். நிறம் வெள்ளை. ஆனால் பாதத்துக்குக் கிட்ட, ஓரமாக, சிவப்புச் சிவப்பாய்க் கீறல்கள். அது கோல் கம்பத்தின் பெயின்ற். கம்பத்தில் காலை அழுத்தி நின்று காக்கிறவருடைய கவசத்தில்தான் அந்தச் சிவப்பு ஏறும். என்னுடையதில் நிறையவே ஏறியிருக்கிறது. வேலை முடிந்து வந்து விளையாடுகிற எங்களைப் போன்ற பெண்கள் அணிகளில், மூலையிலிருந்து வருகிற அடியை என்னளவுக்கு மறிக்கிறவர்கள் குறைவு. தற்பெருமை என்று நினைக்கிறவர்கள் நினைக்கட்டும். நினைத்துவிட்டு ஒருநாள் வந்து அடித்தும் பார்க்கட்டும்.

அந்தச் சிவப்பு எனக்கு மச்சாளால் வந்தது. தம்பியைக் கட்டிக்கொண்டு ரொறன்ரோவிலிருந்து லண்டனுக்கு வந்தவள். இன்றைக்கு அவள் தம்பியின் மனைவி இல்லை. ஆனாலும் எனக்கு மச்சாள்தான். அந்த ஒரு உறவைக் கைவிடாமல் வைத்திருக்க நான் வீட்டில் பட்ட பாடு கொஞ்சமில்லை.

அவளை நான் சரியாக அறிந்தது எங்கள் வீட்டு நடையில். கலியாணம் முடிந்து புதுத் தம்பதியை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தோம். முதல் நாள் விளையாடிய ஈரத்தோடு என் கால்கவசங்கள் ஹீட்டரில் சாய்ந்து காய்ந்துகொண்டிருந்தன. அந்த மணத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. புதுப்பெண்ணுக்குத் தெரியக் கூடாது என்று அம்மா அவற்றின் மேல் ஒரு பூப்போட்ட படுக்கை விரிப்பைப் போட்டு மூடியிருந்தார். வந்தவள் செருப்பைக் கழற்றினாள், மூக்கைச் சுருக்கினாள், நேரே போய் விரிப்பைத் தூக்கினாள். அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"மச்சாள், இது உங்கடையோ?"

"ஓம்."

குனிந்து ஓரங்களைத் தடவிப் பார்த்தாள். "சிவப்பே காணேல்லையே. நீங்கள் கம்பத்தைத் தொடுறேல்ல. மூலையில இருந்து அடிச்சா உங்களுக்குக் கோல் விழும், என்ன?"

என் மூக்கு உடைந்தது. உண்மை அதுதான். நேரே வருகிற அடிகளில் என்னை வெல்வது கஷ்டம். ஆனால் ஒருத்தி கோலுக்குப் பக்கவாட்டில், மூலைக்குக் கிட்டப் போய்விட்டால் எனக்கும் கம்பத்துக்கும் இடையில் எங்கேயோ ஓட்டை விழும். பக் என்கிற அந்தக் கறுப்பு ரப்பர் வட்டுக்கு அந்த ஓட்டை போதும். எதிரணிகளுக்கு அது தெரிந்திருந்தது. சாப்பாட்டுக்கு வந்த பிள்ளைக்கும் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. பிறகு அவள் செய்த வேலையை எங்கள் சொந்தக்காரர் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். கூறைச் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு குசினி வாசலில் இறங்கினாள். வாசல் நிலைதான் கம்பம். நிலைப் பக்கத்துக் காலைத் தரையோடு படுக்கப் போட்டு, அந்தப் பாதத்தை நிலையில் பதித்து, அதே பக்கத் தோளையும் நிலையோடு சாய்த்தாள். மற்றக் காலை மடித்து ஊன்றி உடம்பை நிலையோடு நெருக்கிப் பிடித்தாள். நிலைக்கும் அவளுக்கும் இடையில் ஒரு கடதாசி போகாது. புதுத் தாலிக்கொடி முன்னால் ஆடிக்கொண்டிருந்தது. சோற்றுத் தட்டோடு வந்த பெரியம்மா, "ஐயோ, பிள்ளை விழுந்திட்டுது" என்று கத்தினார். கனடாவில் சின்ன வயதிலிருந்தே கோல் காத்தவள் என்ற சங்கதி அன்றுதான் எங்களுக்குத் தெரியவந்தது. தம்பி அதைச் சொல்லவே இல்லை. அவனுக்கு அது ஒரு விஷயமாகப் படவில்லைபோல.

அடுத்த கிழமையே அவளை எங்கள் அணிக்குக் கூட்டிப் போனேன். ஒரு அணிக்கு இரண்டு கோல் காப்பாளர், நிற்கிற இடமோ ஒன்று. ஆட்டத்துக்கு ஒருவர் என்று மாறி மாறி நின்றோம். தம்பி வீடு வெம்பிளியில். அங்கிருந்து வந்து என்னை ஏற்றிக்கொண்டு போவாள், போகிற வழியெல்லாம் வாக்குவாதம். பள்ளிக்கூடத்தில் புல்தரை ஹொக்கிக்குக் கோல் காத்த நாளிலிருந்து எனக்கு ஒரே கொள்கை: நிமிர்ந்து நில், முன்னுக்குப் போ, அடிக்கிறவளுக்குக் கோல் தெரியாமல் மறை. கீழே போகிறவள் பாதி தோற்றவள். நான் பிடித்த முயலுக்கு மூன்று கால்.

மச்சாள் விடமாட்டாள். "நேர நிக்கிறவளுக்கு முன்னால போங்கோ, சரி. மூலையில நிக்கிறவளுக்கு ஏன் போறியள்? நீங்கள் முன்னுக்குப் போகப் போக உங்களுக்குப் பின்னாலதான் இடம் வருது. அவ கோலைப் பாத்து அடிக்கிறேல்ல, மச்சாள். உங்களைப் பாத்துத்தான் அடிக்கிறா. உங்கட முதுகில பட்டு உள்ளுக்குப் போக வேணும் எண்டு."

"அப்ப விழுந்து கிடக்கச் சொல்லுறீரோ?"

"முந்தி விழுந்தாலும் பிழை. தோளுக்கு மேலால போடுவா. கிட்ட வரட்டும், பொறுங்கோ. கம்பத்தைக் கண்ணால தேடாதேங்கோ, காலால தேடுங்கோ."

நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அவள் நின்ற ஆட்டங்களில், மாற்று ஆட்கள் இருக்கிற வாங்கிலில் இருந்து பார்த்தேன். மூலையிலிருந்து வந்த அடியெல்லாம் சுவரில் பட்டதுபோல் அவளில் பட்டு விழுந்தது. அதைவிட எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு அவள் செய்கிறது. மூலையில் இருப்பவள் அடிக்காமல் மற்றப் பக்கத்து ஆளுக்குப் பக்கைத் தள்ளினால், மச்சாள் அந்தக் கம்பத்தையே உதைத்துக்கொண்டு மற்றக் கரைக்கு வழுக்கிப் போவாள். "பிடிச்சு நிக்கிறதே உதைச்சுப் போறதுக்குத்தான்" என்பாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளுக்குத் தெரியாமல் நான் குசினி வாசலில் பழகினேன். அம்மா உலையில் அரிசியைப் போட்டபடி, "என்ன, வாசலுக்கு முண்டு குடுக்கிறியோ?" என்று கேட்பார். எங்களுக்கு ஒரு வசதியும் இருந்தது. வாங்கிலில் இருப்பவள் தமிழில் கத்தலாம். "கிட்ட" என்றால் கம்பத்தோடு ஒட்டு, "விடுங்கோ" என்றால் கம்பத்தை விட்டு மற்றப் பக்கம் போ. எதிரணிக்கு ஒரு கோதாரியும் விளங்காது.

மூன்றாம் வருடம் தம்பியும் அவளும் பிரிந்தார்கள். என்ன நடந்தது என்று எழுதுகிற உரிமை எனக்கில்லை. இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை. அதை மட்டும் சொல்லலாம். எங்கள் ஆட்களுக்கு அது போதாது, யாராவது ஒருவரைக் குற்றவாளி ஆக்க வேண்டும். ஞாயிறு பூசை முடிந்து கோவில் மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது பெரியம்மா எல்லாருக்கும் கேட்க, "உன்ர தம்பியை விட்டிட்டுப் போனவளோட உனக்கென்ன கூத்து?" என்றார். நான், "கூத்தில்லைப் பெரியம்மா, ஹொக்கி" என்றேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா முடிவாகச் சொன்னார்: "அவ நிக்கிற இடத்தில நீ நிக்காதை."

"அம்மா, அங்க ஒரு நேரத்தில ஒராள்தான் நிக்கலாம். நான் நிண்டா அவ இருப்பா. அவ நிண்டா நான் இருப்பன்."

"விசர்க்கதை கதையாதை."

நான் விடவில்லை, அம்மாவும் விடவில்லை. விளையாட்டு நாளில் எனக்குச் சாப்பாடு எடுத்து வைப்பதை நிறுத்தினார். அவளுடைய கார் வாசலில் நின்றால் முன் அறைத் திரையை இழுத்து மூடுவார். தம்பி மட்டும் ஒருநாள் தொலைபேசியில், "அவ சுகமா இருக்கிறாவோ?" என்று கேட்டான். ஓம் என்றேன். அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. கலியாணத்தால் வந்த உறவு கலியாணத்தோடு போய்விட வேண்டும் என்று எல்லாரும் சொல்லும்போது, போகாது என்று தனியாக நிற்பது லேசான வேலையில்லை. அவளே ஒருநாள் காரை நிறுத்திவிட்டு, "நான் வேற ரீமுக்குப் போறன், மச்சாள். உங்களுக்கு ஏன் கரைச்சல்" என்றாள். "நீர் பேசாமல் ஓட்டும்" என்றேன். வேறு என்ன சொல்ல?

பருவத்தின் கடைசி ஆட்டம். தோற்றால் எங்கள் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கும். அது முடிந்ததும் மச்சாள் ரொறன்ரோவுக்குத் திரும்புகிறாள் என்று எனக்குத் தெரியும். அம்மாவிடமும் சொல்லியிருந்தேன். அன்று முறைப்படி அவள்தான் நிற்க வேண்டும். உடை மாற்றும் அறையில், "இண்டைக்கு நீங்கள் நில்லுங்கோ. நான் பாக்க வேணும்" என்றாள். அதைவிடப் பெரிய புதினம், அம்மா வந்திருந்தது. அதுவரை ஒருநாளும் வராதவர், "நானும் வாறன்" என்று கோட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டார். மச்சாளின் காரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு ராக்ஸியில் கூட்டி வந்தேன். காவலுக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். கம்பளியைப் போர்த்துக்கொண்டு, மடியில் தேத்தண்ணிப் போத்தலோடு, எங்கள் வாங்கிலுக்குப் பின்னாலேயே போய் உட்கார்ந்தார்.

கடைசி நிமிடங்களில் ஒரு கோலால் முன்னால் நின்றோம். எதிரணியின் நெட்டைக்காரி பக்கோடு என் இடப்பக்க மூலைக்குப் போனாள். அதற்கு முந்தின வருடம் அதே இடத்திலிருந்து எனக்குக் கோல் போட்டவள். "கிட்ட, மச்சாள், கிட்ட" என்று குரல் வந்தது. பொறுத்தேன். கிட்ட வரவிட்டேன். பிறகு காலைப் படுக்கப் போட்டேன், பாதம் தானாகக் கம்பத்தைக் கண்டுபிடித்தது. அடித்தாள். பக் என் காறை எலும்பில் பட்டு முன்னால் விழுந்தது. விழுந்ததை அவளே எடுத்தாள். இன்னொருமுறை அடிப்பாள் என்று நான் கம்பத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்க, பக்கை எனக்கு முன்னால் மற்றக் கரைக்குத் தள்ளினாள்.

"விடுங்கோ, மச்சாள்! விடுங்கோ!"

அந்த ஐஸ் அரங்கு முழுக்க அது கேட்டிருக்கும். கம்பத்தை உதைத்தேன். மற்றக் கரைக்கு நான் போய்ச் சேர்ந்ததும் பக் என் கால்கவசத்தில் அடித்ததும் ஒன்றாக நடந்தது. கோல் விழவில்லை. மணி அடித்தபோது நாங்கள் வென்றிருந்தோம்.

வெளியே, உடை மாற்றும் அறைக்குப் போகிற வழியில் அம்மா நின்றார். மச்சாள் என் பக்கத்தில் நின்றாள், போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல். பிரிவுக்குப் பிறகு இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்தது அன்றுதான். அம்மா என்னைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து, "என்ன பிள்ளை இது, ரத்தமோ?" என்று கேட்டார்.

"இல்லை மாமி. கம்பத்துப் பெயின்ற்."

மாமி என்ற சொல் அவள் வாயில் பழக்கத்தில் வந்துவிட்டது. சொன்ன பிறகு உதட்டைக் கடித்தாள். அம்மா அதைத் திருத்தவில்லை. போத்தல் மூடியைக் கழற்றித் தேத்தண்ணியை ஊற்றி அவளிடம் நீட்டினார். "கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருக்கும். குடியும்." விளையாடினது நான்தான் என்று நினைவூட்டினேன். "நீ பிறகு குடி" என்றார்.

மச்சாள் அந்தக் கோடையில் போய்விட்டாள். ரொறன்ரோவில் இன்னும் கோல் காக்கிறாள். தம்பி மறுபடி கட்டிவிட்டான், வந்தவள் நல்ல பிள்ளை. அவளும் எனக்கு மச்சாள்தான். இரண்டு மச்சாள்மார் இருப்பதில் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை, கேட்கிறவர்களுக்குத்தான் குழப்பம். பழைய கால்கவசம் பிய்ந்துபோனதால் அதை மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டு, போன மாதம் புதுசு வாங்கினேன். முதல் ஆட்டம் முடிந்து ஹீட்டரில் சாய்த்து வைத்தேன். இப்போது படுக்கை விரிப்பு போட்டு மூடுகிறவர் யாரும் இல்லை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து குனிந்து, ஓரங்களை விரலால் தடவிப் பார்த்தார்.

"என்ன, சிவப்பைக் காணேல்ல? ஒழுங்கா நிண்டனியோ?" என்றார். "இதைப் படம் எடுத்து மச்சாளுக்கு அனுப்பு. நான் கேட்டனான் எண்டும் சொல்லு."