ஆவணியில் பூஜை, ஐப்பசியில் பள்ளம்

1. பனிக்கரடி வகுப்பு

கட்டுமான நிறுவனம் ஒன்றின் திட்டமிடல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற என்னை, அதே நிறுவனம் மறுபடியும் கூப்பிட்டது. புராஜெக்ட் மேனேஜர்களுக்குப் பருவநிலை மாற்றம் பற்றி வகுப்பெடுக்க வேண்டுமாம். தலைமை அலுவலகமே ஸ்லைடுகளையும் அனுப்பிவிட்டது. முதல் ஸ்லைடில் உருகும் பனிக்கட்டி மேல் ஒரு கரடி நின்றது.

தாம்பரம் அலுவலகத்தின் மாடி ஹால். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். கரடியைப் பார்த்ததுமே பாதிப் பேருக்குக் கண் சொருகியது. கோவிலம்பாக்கம் சைட்டைப் பார்க்கும் சரவணன் மரியாதையாகத்தான் கேட்டார்.

"மேடம், இந்தக் கரடி நம்ம ஏரியாவுக்கு வர்றதுக்குள்ள நாங்க கட்டி முடிச்சு ஹேண்டோவரே குடுத்துடுவோம். எங்க சைட்ல என்ன பண்ணணும்னு மட்டும் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. புரொஜெக்டரை அணைத்துவிட்டு, மறுநாள் அவரவர் சைட் பார் சார்ட்டைப் பிரின்ட் எடுத்து வரச் சொல்லி அனுப்பினேன்.

2. சுவரில் ஒட்டியவை

பார் சார்ட் என்பது எந்த வேலை எந்த மாதம் என்று பட்டை பட்டையாகக் காட்டும் அட்டவணை. எல்லாவற்றையும் சுவரில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டினோம். வேறு வேறு சைட், வேறு வேறு ஓனர். ஆனால் பள்ளம் தோண்டும் பட்டை மட்டும் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இருந்தது. ஐப்பசி.

"ஏன்?" என்றேன்.

"ஆடியில யாரும் பூமி பூஜை போட மாட்டாங்க மேடம்," என்றார் சரவணன். "ஆவணியிலதான் போடுவாங்க. அப்புறம் ஜேசிபி, ஆளுங்க எல்லாம் செட் ஆகுறதுக்குள்ள ஐப்பசி வந்துடும்."

அதாவது, அடைமழை தொடங்கும்போது நாங்கள் பூமியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறோம். முன்பு இது எப்படியோ ஓடியது. மழை நாட்களைக் கழித்துக்கொண்டு, பம்ப் வைத்து இறைத்துச் சமாளித்தோம். இப்போது மழை அப்படி வருவதில்லை. வாரக்கணக்கில் வெயில் அடித்துவிட்டு, மாதம் முழுக்கப் பெய்ய வேண்டியதை ஒரே பகலில் கொட்டுகிறது. பம்ப் அதற்கு ஈடு கொடுக்காது. பள்ளத்தின் கரை சரிந்துவிடும்.

எல்லாப் பட்டையும் ஒரே இடத்தில் இருப்பதைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். சரவணன் சிரிக்கவில்லை.

"என் பள்ளம் அடுத்த வாரம் மேடம். ஒட்டினாப்ல ஒரு பழைய வீடு இருக்கு. ஓனர்கிட்ட சொல்லிப் பார்த்துட்டேன், கேக்க மாட்டேங்கிறார். நீங்க ஒருதடவை வந்து பேசுறீங்களா?"

3. பக்கத்து வீடு

ஓனர் தணிகாசலம். அவர்கள் குடும்பம் ஒரு காலத்தில் நெல் வைத்த நிலம் அது. இப்போது அங்கே கார் நிறுத்தும் பேஸ்மென்ட்டோடு ஃபிளாட் வரப்போகிறது. முதல் மாடி அவர் மகளுக்கு.

"இன்னா மேடம், மழை இன்னிக்கா புதுசா பெய்யுது? வர்ற தை போயி அடுத்த தையில எம்பொண்ணு பால் காய்ச்சணும். பூஜைய போட்டுட்டு சும்மா வெச்சினு இருந்தா சொந்தக்காரன் இன்னா பேசுவான்?"

அவர் கவலை நியாயமானதுதான். நான் வாதாடவில்லை. தோண்டப் போகிறோம் என்று பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்றேன். அது முறைதான் என்று உடனே கிளம்பி வந்தார்.

அது ஓய்வு பெற்ற ஸ்டெல்லா டீச்சரின் வீடு. அவர் கணவர் பக்கவாதத்தில் படுக்கையாகக் கிடந்தார். பின்னறையில்தான் கட்டில் போட இடம் இருந்தது, அதுவும் சுவரை ஒட்டி. ஜன்னலுக்கு வெளியே, பள்ளத்துக்காகப் போட்டிருந்த சுண்ணாம்புக் கோடு கைக்கு எட்டும் தூரத்தில் தெரிந்தது.

"டீச்சர், இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் தோண்டுறோம். பெரிய மழை வந்து கரை சரிஞ்சா..." சரவணன் ஜன்னலுக்கு வெளியே கை காட்டினார்.

டீச்சர் கட்டிலைப் பார்த்தார். "முன்னாடியே சொல்லிடுங்க தம்பி. இவரை நான் ஒருத்தியா தூக்க முடியாது."

தணிகாசலம் ஜன்னல் வழியே சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார். இத்தனை வருடமும் கேட்டோடு நின்று பேசிவிட்டுப் போனவர், உள்ளே வந்தது அன்றைக்குத்தான். வெளியே வந்ததும் சரவணனிடம் சொன்னார்.

"அந்தாண்ட பாதிய மட்டும் தோண்டு. இந்தப் பக்கம் தை பொறந்து பாத்துக்கலாம்."

"பால் காய்ச்சுறது தள்ளிப்போகும் சார்."

"போவட்டும். வூட்ல நான் சொல்லிக்கிறேன்."

4. மழைக்குப் பிறகு

கார்த்திகையில் அந்த மழை வந்தது. மறுநாள் நானும் சரவணனும் முழங்கால் தண்ணீரில் சைட்டுக்குப் போனோம். தோண்டிய பாதி நிரம்பி, அதன் கரை பொலபொலவென்று உள்ளே சரிந்திருந்தது. தோண்டாமல் விட்ட இந்தப் பக்கத்து மண்ணும் டீச்சர் வீட்டுச் சுவரும் அப்படியே நின்றன.

"இவர் நல்லாத் தூங்கினார் மேடம்," என்றார் ஸ்டெல்லா டீச்சர். "நான்தான் சுவத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

என் வகுப்பில் இப்போது கரடி இல்லை. இளைய மேனேஜர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: பூஜையை ஓனர் விரும்பும் நாளில் போடுங்கள், பள்ளத்தை மழை விடும் நாளில் தோண்டுங்கள். பார் சார்ட் போடும் முன் பக்கத்து வீட்டுக்குள் போய், எந்தச் சுவரோரம் யார் படுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

சமீபத்தில் தணிகாசலம் போன் செய்தார். அவருக்கு இன்னொரு மனை இருக்கிறது.

"மேடம், மாசியில பூஜை போட்டா மழைக்கு முன்னாடி பள்ளத்த மூடிடலாம் இல்ல? பக்கத்து வூட்ல உள்ளாற போயே பாத்துட்டேன். சுவத்தோரமா தொட்டில் கட்டிக் கீது."