மாம்பழ மஞ்சள் கோடி உடுத்திப் போன உங்கள் அத்தை

அன்புப் பிள்ளைகளே,

உங்கள் அத்தை இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலர் சொந்தபந்தம் எல்லார் கைக்கும் போகும். ஆனாலும் இதை உங்களுக்கென்றே எழுதுகிறேன்.

அத்தை அச்சன்புதூரில் எங்கள் வீட்டு மூத்த பிள்ளையாக, ஆண் பிள்ளையாகப் பிறந்தார். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே தன்னைப் பெண் என்று அறிந்துகொண்டார். தாத்தா அடித்தார், ஊர் சிரித்தது. அத்தை குற்றாலத்துக்குப் போய் ஒரு சிப்ஸ் கடையில் நேந்திரங்காய் சீவினார். பிறகு சொந்தமாகவே கடை போட்டார். என் கல்யாணத்தில் நாத்தனார் முடிச்சுப் போட்டது அவர்தான். "என் நாத்தனார் கையாலதான் போடணும்" என்று மணமேடையிலேயே உங்கள் அம்மா சொல்லிவிட்டாள். அன்று முதல் தென்காசியில் நம்மோடுதான் இருந்தார்.

சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, ஆண்கள் வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அத்தை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "ஆம்பளைங்களுக்கு நடுவுல கெடக்கதுக்கு வீட்டுலயே கெடந்து சாவுதேன்" என்றார். நானும் வழிமறித்து நின்றேன். பெரிய நர்ஸ் அம்மா வந்து பார்த்தார். "பொம்பளைய ஏன் இங்கன கொண்டாந்தீங்க?" என்று கட்டிலைத் திருப்பிவிட்டார். பெண்கள் வார்டில் ஜன்னலோரம் படுத்திருந்த சிவகிரி அம்மா, "வாங்க மதினி, பக்கத்துல சீட்டுப் போட்டு வச்சிருக்கேன்" என்றார். பஸ்ஸில் இடம் பிடித்தது போல!

அத்தைக்கு முகம் மழமழவென்று இருக்க வேண்டும். கை நடுங்கியதால் காலையில் நான்தான் மழித்துவிடுவேன். சிவகிரி அம்மாவின் மகளும் உங்கள் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் சேலையைப் பிடித்து மறைத்துக்கொள்வார்கள்.

"சீக்கிரம் முடிங்க அண்ணாச்சி, டாக்டர் வருதாரு" என்பாள் அந்த மகள்.

"ஏலே, மெதுவா வழி. நான் என்ன நேந்திரங்காயா?" என்பார் அத்தை.

ஒருநாள் என் கையைப் பிடித்தார். "நான் போனா பொறந்த வீட்டுக் கோடி நீதாம்லே போடணும். சேலைதான், வேட்டி இல்ல. வெளுத்த கலரா எடுத்துராத, செத்தவ மாதிரி இருக்கும்." வார்டே சிரித்தது. பெண் இறந்தால் புதுச் சேலை கொண்டுவருவது உடன்பிறந்தவன் கடமை. அன்று சாயங்காலமே மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை வைத்த சேலை வாங்கிக் காட்டினேன். தடவிப் பார்த்துவிட்டு, "ஜாக்கெட் எங்க?" என்றார். அதையும் தைக்கக் கொடுத்தேன்.

அத்தையின் உயிர் பிரிந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததும், அச்சன்புதூரிலிருந்து உங்கள் சின்னத் தாத்தா வேட்டியும் துண்டுமாக வந்தார்.

"ஆம்பளையாப் பொறந்தவன். வேட்டியில போறதுதாம்லே மொற."

"சித்தப்பா, அக்காவுக்குத் தம்பி நான் இருக்கேன். நான் சேலைதான் போடுவேன்."

"சரி, குளிப்பாட்டுதது யாரு? பொம்பளைங்கள்ல எவ வருவா?"

அவர் கேட்ட வாய் மூடவில்லை. உங்கள் அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. சிவகிரி அம்மா மகள் தோளைப் பிடித்தபடி இறங்கி, "எங்க மதினி எங்க?" என்று உள்ளே போனார். பின்னால் நர்ஸ் அம்மா. அதைப் பார்த்துத் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து வீடே நிறைந்துவிட்டது.

குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவர நீர்மாலை எடுக்க வேண்டும். தண்ணீர்க் குடம் சுமந்து வருகிறவர்களின் தலைக்குமேல் வெள்ளைத் துணி பிடிப்பது வழக்கம் அல்லவா? துணி தேடினோம். சின்னத் தாத்தா, தான் கொண்டுவந்த கோடி வேட்டியை உதறி விரித்து, ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டார். அதன் கீழேதான் நீங்கள் குடம் சுமந்து வந்தீர்கள். பெண்கள் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, பிச்சிப்பூச் சூட்டினார்கள். நான் கோடி போட்டேன். அத்தை நினைத்தது நினைத்தபடி நடந்தது.

நர்ஸ் அம்மாவுக்கும், சிவகிரி அம்மாவுக்கும் அவர் மகளுக்கும், தெருப் பெண்களுக்கும் நம் குடும்பம் கைகூப்புகிறது. சின்னத் தாத்தாவுக்கும்தான். ஊர்வலம் பஜார் வழியாகப் போகையில் ஒருவர் பைக்கை நிறுத்தி, "யாரு அண்ணாச்சி தவறுனது?" என்று கேட்டார். சின்னத் தாத்தா தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்:

"எங்க அண்ணன் மூத்த மவ."