முருகன் படத்தடியில் ஓர் ஆணி

மலேசியாவின் கிள்ளானில் கதிரியக்கக் கழிவு தங்கிப்போன பழைய தொழிற்சாலையை மூடினார்கள். அதைச் சுத்தம் செய்யும் வேலையைக் கண்காணித்த அதிகாரி நான். வேலையாட்களில் ஒருவர், கேரி தீவுக்காரர், புற்றுநோயில் இறந்துபோனார்.

"வேலையால வந்ததா சார்?" என்று அவர் மனைவி கேட்டார். கோப்பைத் திறந்து காட்டினேன். உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கச் சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜில், அவருக்கு மாதாமாதம் பூஜ்யம்தான்.

"இல்லக்கா" என்றேன்.

இடிப்பதற்கு முன் உடைமாற்றும் அறையைக் கடைசியாகச் சோதித்தேன். அவருடைய லாக்கர் கதவின் உள்பக்கம் முருகன் படம், அதற்குக் கீழே ஓர் ஆணி.

"இது எதுக்கு?"

"பேட்ஜ் மாட்டத்தான் சார்" என்றார் அவரோடு வேலை செய்தவர். "உள்ள போறப்ப கழட்டி இங்க மாட்டிட்டுத்தான் போவாரு. அழுக்கானா நீங்க ஏசுவீங்கன்னு பயம்லா."

ஏசியிருக்கிறேன். சேறு படிந்த பேட்ஜைத் தூக்கிக் காட்டி, "அரசாங்கப் பொருள வச்சிக்கிற லட்சணமா இது?" என்று எல்லோர் முன்னிலும் அவரிடம் கத்தியிருக்கிறேன். அதன் பிறகு அவர் பேட்ஜ் எப்போதும் பளபளவென்றே வந்தது. மற்றவர்களுக்கு அதைக் காட்டி அவரைப் பாராட்டியும் இருக்கிறேன்.

மாதாமாதம் நான் கையெழுத்துப் போட்டு வந்தது முருகன் படத்தின் மேல் பட்ட கதிர்வீச்சுக்கு.