வஹகோட்டை ஓவியர் வீட்டுக்கு ஒரு ஜப்பானியச் சொல்

ஜப்பானியப் பயணிகளுக்கு கைட்டாக இருந்த இத்தனை காலத்தில் நான் அதிகம் தடுமாறியது சிகிரியாவிலோ தம்புள்ளையிலோ அல்ல. வஹகோட்டைக் கிராமத்தில், ஒரு வீட்டு முன்னறையில், ஒரேயொரு சொல்லுக்காக.

அது அந்தோணி என்ற ஓவியரின் வீடு. தேவாலயங்களுக்குப் படம் வரைந்தவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. என் வேனில் வரும் ஜப்பானியர்கள் அவருடைய படங்களைப் பார்க்க அங்கே இறங்குவார்கள். வாசலில் அவர்கள் மொழியில் ஒரு பெயர்ப்பலகை வைக்கவேண்டும் என்று அவர் மனைவி ஸ்டெல்லா என்னைக் கூப்பிட்டிருந்தார்.

"கேலரின்னு எழுதிக் குடுங்க நானா." முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

கலைக்கூடம் என்றால் தமிழில் எல்லாம் அடங்கிவிடும். ஜப்பானியத்தில் அப்படி முடியாது. 'பிஜுட்சுகான்' என்றால் டிக்கெட் எடுத்து உள்ளே போகும் பெரிய கட்டடம். 'கரோ' என்றால் படம் விற்கிற இடம். வருகிறவர் விலை கேட்பார். இதை விளக்கிச் சொன்னேன்.

"விக்க மாட்டேன் நானா. இருக்கிறது இவ்வளவுதான். இனிப் புதுசா ஒண்ணும் வராது."

"அப்படின்னா 'கினென்கான்'னு ஒண்ணு இருக்கு. ஒருத்தர நெனச்சு, அவரு செஞ்சதெல்லாம் வச்சிருக்கிற எடம். ஆனா, பெரும்பாலும் மவுத்தானவங்களுக்குத்தான் அதப் போடுவாங்க தங்கச்சி."

ஸ்டெல்லா குரலைத் தாழ்த்தினார்.

"பரவால்ல, அதையே போடுங்க. வரைஞ்சு காட்டுங்கன்னு யாராச்சும் கேட்டா இவரு தாங்க மாட்டாரு."

உள்ளறைத் திரை விலகியது. அந்தோணி சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார். பேச்சு குழறும், ஆனாலும் விளங்கும்.

"நான் இன்னும் சாகல்ல, ஸ்டெல்லா."

ஸ்டெல்லா முகத்தைப் பொத்திக்கொண்டார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அந்தோணி என் பக்கம் திரும்பினார். "படம் வரையிறவன் வேலை செய்ற எடத்துக்கு என்ன சொல்லுவாங்க நானா?"

"'அதொரியே'ன்னு சொல்லுவாங்க." உள்ளதையும் சேர்த்தே சொன்னேன். "அதப் போட்டா, வர்றவங்க நீங்க வரையிறதப் பாக்கணும்னு நெனைப்பாங்க."

"நெனைக்கட்டும்."

அந்தச் சொல்லையே எழுதிக்கொடுத்தேன்.

பலகை வைத்த பிறகு நான் கூட்டிப்போன முதல் குழுவில் ஒரு வயதான அம்மா இருந்தார். வாசலில் நின்று வாசித்துவிட்டு, ஓவியர் எங்கே என்று கேட்டார். நான் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தேன். அந்தோணி இடது கையால் தூரிகையை எடுத்தார். மாதாவின் முகம். கன்னத்துக்கு வரும்போது கோடு விலகிப் போனது. துணியால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கினார். படச்சட்டம் ஆடியது. ஸ்டெல்லா வந்து அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குழுவில் யாரும் போட்டோ எடுக்கவில்லை.

இப்போதும் வரைகிறார். அந்த முகங்கள் முன்பு வரைந்தவை போல இல்லை. அதை அவரே சொல்லிக் காட்டுகிறார்.

ஜப்பானியம் படித்து இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஒரு இடத்துக்குப் பெயர் கேட்டால் உடனே அகராதியைத் திறக்காதீர்கள். அங்கே என்ன நடக்கிறது என்று கேளுங்கள். அதை நடத்துகிறவரின் வாயால் கேளுங்கள்.